ஒரே லூப், பல ப்ராசசர்கள்: ஃபோர்ட்ரான் கம்பைலர் கடந்த வழி

ஜான் பாக்கஸ் தலைமையிலான ஐ.பி.எம். குழு 1957-ல் ஃபோர்ட்ரானை வெளியிட்டபோது, கணினி என்பது ஒரு நேரத்தில் ஒரு கணக்கை மட்டும் போடும் எந்திரம். வானிலை, அணு இயற்பியல், விமானப் பொறியியல் என அறிவியல் கணக்குகள் எல்லாம் அந்த மொழியில் எழுதப்பட்டுக் குவிந்தன. பின்னாளில் பல கணக்குகளைச் சேர்த்துப் போடும் எந்திரங்கள் வந்தபோது, எழுதிவைத்த நிரல்களைக் கைவிட யாருக்கும் மனமில்லை. பழைய நிரலையே படித்து, எவற்றைச் சேர்த்துச் செய்யலாம் என்பதை, நிரலை எந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரே கண்டுபிடிக்கட்டும் என்ற ஆசை அப்படித்தான் பிறந்தது.

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டேனியல் ஸ்லாட்னிக் வடிவமைத்த இல்லியாக் 4 என்ற கணினி இதற்கு முதல் பெரிய களம். 256 கணக்கீட்டு அலகுகளுக்குத் திட்டமிட்டார்கள். கட்டி முடிந்தது 64 மட்டுமே. 1972-ல் அது நாசாவின் ஏம்ஸ் மையத்துக்குப் போனது. அதற்கான ஃபோர்ட்ரான் கம்பைலர் வேலையில் ஈடுபட்ட லெஸ்லி லாம்போர்ட், லூப்களை, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதிகளை, இணையாக ஓட்டும் முறைகளை 1974-ல் கட்டுரையாக வெளியிட்டார். ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த லூப்களைச் சாய்வாக வெட்டிப் பார்த்தால், ஒரே வெட்டில் அமையும் கணக்குகள் ஒன்றையொன்று சாராமல் இருக்கக்கூடும் என்று அது காட்டியது.

சிக்கலின் மையமே இந்தச் சார்புதான். பி, சி என்ற இரண்டு வரிசைகளைக் கூட்டி ஏ என்ற வரிசையில் வைக்கும் லூப்பில் எந்தச் சுற்றை முதலில் செய்தாலும் விடை மாறாது. ஏ-யின் ஒவ்வோர் எண்ணும் தனக்கு முந்தைய எண்ணிலிருந்து பிறந்தால், எழுதிய வரிசைப்படியே செய்தாக வேண்டும். வரிசையின் எந்த இடம் என்பதை இன்னொரு வரிசை தீர்மானித்தால், நிரல் ஓடும்வரை கம்பைலருக்கு எதுவும் தெரியாது. இல்லினாயில் டேவிட் குக்கின் பாராஃப்ரேஸ் திட்டம், உத்பல் பானர்ஜி வகுத்த சார்புச் சோதனை, ரைஸ் பல்கலைக்கழகத்தில் கென் கென்னடியின் ஆய்வு, ஐ.பி.எம்.மில் ஃபிரான்சஸ் ஆலனின் பிட்ரான் திட்டம் எல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றியே வளர்ந்தன. ஆலனுக்கு 2006-ம் ஆண்டின் டியூரிங் விருது கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர்.

1976-ல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்கு வந்த கிரே-1 சூப்பர் கணினி, 64 எண்கள் கொள்ளும் எட்டு வெக்டர் ரெஜிஸ்டர்களைக் கொண்டது. அதன் ஃபோர்ட்ரான் கம்பைலர் உள் லூப்களைத் தானாகவே, ஒரே கட்டளையில் பல எண்களைக் கையாளும் வெக்டர் கட்டளைகளாக மாற்றியது. சந்தேகம் வந்தால் மாற்றாமல் விட்டுவிடும். அப்போது லூப்புக்கு மேலே, குறிப்புரை போலத் தோன்றும் ஒரு வரியை எழுதி, இங்கே சார்பு இல்லை என்று நிரலாளர் உறுதி சொல்லலாம்.

பல ப்ராசசர்களுக்கு வேலையைப் பிரிப்பது இதைவிடக் கடினம். சிறு லூப்பைப் பிரித்தால் பிரிக்கும் செலவே லாபத்தைத் தின்றுவிடும். பெரிய லூப்புக்குள் துணைநிரல் அழைப்புகள் நிறைந்திருக்கும். தரவைப் பல கணினிகளின் நினைவகங்களில் பரப்ப, 1993-ல் ஹை பெர்ஃபார்மன்ஸ் ஃபோர்ட்ரான் வரையறுக்கப்பட்டது. எந்த வரிசையை எப்படிப் பங்கிடுவது என்பதை மட்டும் நிரலாளர் சொன்னால் போதும், செய்திப் பரிமாற்றத்தைக் கம்பைலர் பார்த்துக்கொள்ளும் என்ற நல்ல யோசனை அது. ஆனால் தரமான கம்பைலர்கள் உருவாகக் காலம் பிடித்தது. அதற்குள், 1994-ல் வந்த எம்.பி.ஐ. என்ற செய்திப் பரிமாற்றத் தரத்தை வைத்துப் பரிமாற்றத்தைக் கையாலேயே எழுத விஞ்ஞானிகள் பழகிவிட்டார்கள்.

நினைவகத்தைப் பகிரும் எந்திரங்களுக்கு 1997 அக்டோபரில் ஓப்பன்எம்பி வந்தது. கிரே காலத்து வழியையே அது பொதுத் தரமாக்கியது. இன்றைய ஃபோர்ட்ரானில் ஆச்சரியக்குறியில் தொடங்குவது குறிப்புரை. அதையடுத்து டாலர் குறியும் ஓஎம்பி என்ற மூன்று எழுத்துகளும் வந்தால், ஓப்பன்எம்பி தெரிந்த கம்பைலர் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். தெரியாத கம்பைலர் கடந்து போய்விடும். ஒரே கோப்பு இரண்டு விதமாகவும் ஓடுவதால்தான் அது நிலைத்தது.

2010-ல் வெளியான ஃபோர்ட்ரான் 2008 தரம், ராபர்ட் நம்ரிச், ஜான் ரீட் இருவரும் 1998-ல் முன்மொழிந்த கோஅரேக்களையும் (பல பிரதிகளாக ஓடும் நிரலில் ஒரு பிரதி மற்றொன்றின் தரவை எடுக்க உதவும் வரிசைகள்), டூ கன்கரன்ட் லூப்பையும் மொழிக்குள்ளேயே சேர்த்தது. அந்த லூப்பை எழுதும்போது, சுற்றுகள் எந்த வரிசையில் ஓடினாலும் தவறில்லை என்பதற்கு நிரலாளரே பொறுப்பு. கம்பைலர் அதை நிரூபிக்கத் தேவையில்லை.