இபுகாவோ படிவயல்களின் வயது

பிலிப்பைன்ஸ் நாட்டின் லூசோன் தீவில், தலைநகர் மனிலாவுக்கு வடக்கே உயர்ந்து நிற்கும் கோர்டில்லேரா மலைகளில் வாழ்பவர்கள் இபுகாவோ மக்கள். மலைச்சரிவுகளை வெட்டி அவர்கள் படிபடியாக அமைத்த நெல்வயல்களில் ஐந்து தொகுதிகளை யுனெஸ்கோ 1995 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இவ்வயல்கள் 2,000 ஆண்டுகள் பழமையானவை என்றே பாடநூல்களும் பயணக் கையேடுகளும் நெடுங்காலமாகக் கூறிவந்தன. அந்தக் கணக்கு சரிதானா?

அத்தொகுதிகளுள் ஒன்றான பட்டாட் கிராமத்து வயல்களை உள்ளூர் வழிகாட்டி ஒருவரின் பின்னால் நடந்து பார்த்திருக்கிறேன். அங்கே தனியாகப் பாதை என்று ஒன்றில்லை. கல் அடுக்கிய அணைச்சுவர்களின் மேல்விளிம்பே வரம்பு, அதுவே நடைபாதையும். ஒருபுறம் சேற்று நீர், மறுபுறம் ஆளுயரத்துக்கும் மேலான பள்ளம். உச்சியில் 'முயோங்' எனப்படும் குடும்பக் காடுகள். மழைநீரை அவை தேக்கி வைக்க, அந்நீர் வாய்க்கால் வழியே இறங்கி ஒரு வயலை நிரப்பியபின் அடுத்த வயலுக்குப் பாய்கிறது. காடு அழிந்தால் வயலும் அழியும்.

இவ்வயல்களின் வயதை வழிகாட்டியிடம் வினவினேன். தாமும் ஒரு விவசாயியான அவர் ஆண்டுக் கணக்கு எதையும் கூறவில்லை. எந்த வயல் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்றே விளக்கினார். ஆணாயினும் பெண்ணாயினும் மூத்த பிள்ளைக்கே சிறந்த வயல் சேர்வது அவர்களின் வழமை.

ஈராயிரம் ஆண்டுக் கணக்கைத் தந்தவர்கள் அமெரிக்க ஆட்சிக் காலத்தில் அங்கு சென்ற ரோய் பார்ட்டன், ஹென்றி ஒட்லி பேயர் என்னும் ஆய்வாளர்கள். இத்தனை மலைகளை வெறுங்கையால் செதுக்க எவ்வளவு காலம் பிடித்திருக்கும் என்ற ஊகமே அவர்களின் அடிப்படை. அகழ்வாய்வுச் சான்று எதுவும் அன்று இருக்கவில்லை.

1962 இல் பீலிக்ஸ் கீசிங் வேறொரு கருத்தை முன்வைத்தார். ஸ்பானியர் சமவெளிகளுக்குள் புகுந்தபோது அவர்களுக்கு அடிபணிய மறுத்தவர்கள் மலையேறினர்; வயல்களும் அதன் பின்னரே எழுந்தன என்பது அவரது வாதம். ஸ்பானியர் மனிலாவைக் கைப்பற்றியது 1571 இல். தொல்லியலாளர் ஸ்டீபன் அகபாடோ 2009 இல் வெளியிட்ட கதிரியக்கக் கார்பன் ஆய்வு கீசிங்கின் கருத்துக்கு வலுச் சேர்த்தது. கியாங்கான் பகுதியின் பழைய குடியிருப்பில் 2012 முதல் அவரது குழுவினர் நடத்திய அகழ்வுகளும் அதே திசையைக் காட்டின. அங்கு மக்கள் முன்னரே வாழ்ந்திருந்தனர். ஆனால் அவர்களின் பயிர் சேம்பு. ஈரநெற்செய்கை பரவியது 17 ஆம் நூற்றாண்டளவில்தான்.

அப்படியாயின் வயல்களின் வயது ஏறத்தாழ 400 ஆண்டுகள். இது பெருமைக் குறைவு என்று கருதுவோர் உண்டு. எனக்கோ இதுவே பெருமையாகத் தோன்றுகிறது. பழைய கணக்கு இம்மக்களைக் காலத்தால் தீண்டப்படாத பழங்குடிகளாகச் சித்திரித்தது. புதிய கணக்கின்படி, பேரரசொன்று வாசலுக்கு வந்தபோது அவர்கள் சில தலைமுறைகளுக்குள் மலைகளையே மாற்றியமைத்தனர். நெல் அவர்களுக்கு உணவாக மட்டுமன்றி, சமூகத்தை ஒன்றுதிரட்டும் ஆற்றலாகவும் அமைந்தது. ஸ்பானிய ஆட்சியால் அவர்களை முழுமையாக அடக்க முடியவேயில்லை. மலைகளை அரணாகக் கொண்டு 1815 வரை ஐரோப்பியருக்குப் பணியாதிருந்த கண்டி இராச்சியத்தை அறிந்த நமக்கு இது விளங்காத செய்தியன்று.

ஆனால் இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. சில தலைமுறைகளில் எழுந்தது சில தலைமுறைகளில் சரியவும் கூடும். இளைஞர் நகரம் நோக்கிச் செல்ல, பராமரிப்பின்றிச் சுவர்கள் இடிந்தமையால் யுனெஸ்கோ 2001 இல் இவ்வயல்களை ஆபத்துக்குள்ளான மரபுரிமைப் பட்டியலில் இட்டது. சீரமைப்புகளின் பின்னர் 2012 இல் நீக்கியது. அங்கு விளையும் 'தினாவோன்' என்னும் மரபு நெல் ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே அறுவடையாகிறது. அந்த வருமானத்தில் மட்டும் ஒரு குடும்பம் வாழ்வது கடினம். வழிகாட்டிகளாக உழைப்போர் பலருக்கு அக்கூலியே ஊரை விட்டுப் போகாதிருக்க உதவுகிறது.

ஆகவே அங்கு செல்வோர் உள்ளூர் வழிகாட்டியை அமர்த்திக்கொள்வது பாதுகாப்புக்காக மட்டுமன்று. அந்தச் சுவர்களை 400 ஆண்டுகளாக நிற்கச் செய்தது கல்லின் உறுதியன்று. இடிந்த இடத்தில் மறுநாளே மீண்டும் கல் அடுக்கிய கைகள்தாம்.