பெடலில் பிறந்த கலோரி

கலோரி என்றால் என்ன என்று காட்டக் கோவில்பட்டிக்காரருக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். ஊர்த் தீப்பெட்டியில் ஒரு குச்சியைக் கிழித்து, ஊசியில் குத்திய நிலக்கடலைப் பருப்பில் பற்றவைத்தால் போதும். எண்ணெய் கசிந்து நின்று எரியும். மேலே பிடித்த தண்ணீர் சூடேறும். 1 கிலோ தண்ணீரை 1 டிகிரி செல்சியஸ் ஏற்றும் சூடுதான் சாப்பாட்டுக்கு நாம் சொல்லும் கலோரி. கடலைக்கு இது சரி. சைக்கிள் மிதிக்கிற ஆளைக் கொளுத்திப் பார்க்க முடியுமா? அதனால் பெட்டிக்குள் அடைத்தார்கள்.

அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் வில்பர் அட்வாட்டரும் இயற்பியலாளர் எட்வர்ட் ரோசாவும் 1890களில் கட்டிய அறை அது. செம்புத் தகட்டுச் சுவர். நீளம் 7 அடி, அகலம் 4 அடி. ஆள் உள்ளேயே சாப்பிட்டுத் தூங்கி நாள்கணக்கில் இருப்பார். குழாயில் ஓடும் தண்ணீர் அவர் உடல்சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே வரும். எத்தனை டிகிரி ஏறியது என்று குறித்துக்கொள்வார்கள். மூச்சுக்காற்றுக்கும் கணக்கு உண்டு. உழைப்பை அளக்க உள்ளே ஒரு சைக்கிளை நிறுத்தினார்கள். பின்சக்கரம் சின்ன டைனமோ ஒன்றைச் சுழற்ற, அதில் பிறக்கும் மின்சாரத்தை வைத்து வேலையை அளந்தார்கள். இன்று ஜிம்மில் நிற்கும் சைக்கிளுக்கு அதுதான் பாட்டன்.

அட்வாட்டரிடம் தொழில் பழகிய பிரான்சிஸ் பெனடிக்ட், எட்வர்ட் கேத்கார்ட்டுடன் சேர்ந்து பாஸ்டனில் தொழில்முறை சைக்கிள் வீரர் ஒருவரை மிதிக்கவிட்டு, அவர் இழுக்கும் ஆக்சிஜனை அளந்தார். 1 லிட்டர் ஆக்சிஜனுக்கு ஏறத்தாழ 5 கலோரி. 1913-ல் வெளிவந்த அந்த ஆய்வும் பின்னால் வந்தவையும் காட்டியது இதுதான்: உடல் எரிப்பதில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்குவரைதான் பெடலுக்குப் போகிறது. மிச்சமெல்லாம் சூடு. சித்திரை வெயிலில் கோவில்பட்டியில் மிதித்தால் சட்டை நனைவது அந்தச் சூட்டை இறக்கத்தான். வேர்வை அதிகம் கொட்டினால் கலோரியும் அதிகம் கரைந்தது என்று அர்த்தமில்லை.

தின்பதன் கணக்கும் அதே அட்வாட்டர் வழியில் வந்ததே. 1 கிராம் புரதத்துக்கு 4, மாவுச்சத்துக்கு 4, கொழுப்புக்கு 9. குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தில் ஆய்வாளர் அய்க்ராய்டு 1937-ல் இந்திய உணவுகளுக்கு அட்டவணை போட்டார். அந்த ஆய்வகம் பின்னால் ஐதராபாத்துக்குப் போய்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. அதன் பழைய அட்டவணையில் 100 கிராம் நிலக்கடலைக்கு 567 கலோரி, வெல்லத்துக்கு 383. 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்க் கடலைமிட்டாயில் 20 கிராம் துண்டு ஒன்று ஏறக்குறைய 95 கலோரி என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி மிதிப்போம். 100 வாட் என்பது புதியவருக்கு மூச்சு வாங்கும் மிதி. கால் மணி நேரம் அப்படி மிதித்தால் பெடலுக்குச் சேரும் வேலை 90 கிலோஜூல், கலோரியில் 21.5-தான். ஆனால் அதற்காக உடல் எரித்தது 86 முதல் 107 வரை. ஒரு துண்டு மிட்டாய் சரிக்குச் சரி! அதிலும் சும்மா உட்கார்ந்திருந்தாலே உடல் எரித்திருக்கும் ஏறக்குறைய இருபது கலோரி கலந்திருக்கிறது. அதைக் கழித்துக் காட்டும் மெஷின் அபூர்வம்.

வாட்டை உண்மையிலேயே அளக்கும் சைக்கிளில் இந்தக் கணக்கை ஓரளவு நம்பலாம். வீட்டுக்கு வாங்கும் மலிவு சைக்கிள்கள் பலவற்றில் சங்கதி வேறு. மூடியைக் கழற்றிப் பாருங்கள். பெடல் சக்கரத்தில் பொட்டு காந்தம். எதிரே ஒரு சென்சார். அதிலிருந்து டிஸ்ப்ளேவுக்கு ஒரே ஒயர். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துடிப்பு, அதைக் கம்பெனி போட்டுவைத்த எண்ணால் பெருக்கினால் கலோரி. மிதியை இறுக்கும் திருகிலிருந்து போகும் கம்பி நேரே பிரேக் பட்டைக்குப் போகிறது, டிஸ்ப்ளே பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. திருகை இறுக்கி முக்கி மிதிப்பவருக்கும், தளர்த்திவிட்டு சீரியல் பார்ப்பவருக்கும் சுற்று சமமென்றால் கலோரியும் சமம்.