குரோம்பேட்டைக்கு யார் பாலிசி கொடுப்பார்கள்?

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் சானடோரியத்துக்கு அடுத்த ஸ்டேஷன் குரோம்பேட்டை. தினமும் போர்டைப் பார்த்துக்கொண்டே போகிறீர்களே, அந்த 'குரோம்' எங்கிருந்து வந்தது என்று யோசித்ததுண்டா?

குரோமியம்தான். தோல் பதனிடும் உப்பு. அதுவரை நம்மூரில் ஆவாரம்பட்டையை ஊறப்போட்டுத்தான் தோலைப் பதப்படுத்துவார்கள். நாள்கணக்கில் இழுக்கும் வேலை. 1903-ல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேய எஞ்சினீயர் சென்னையில் குரோமியத்தைப் போட்டுப் பரிசோதித்தார். பிறகு சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரம் பக்கம் குரோம் லெதர் கம்பெனியை நடத்த, கம்பெனியின் பேரே ஊருக்கும் ஒட்டிக்கொண்டது. சுற்றிலும் நாகல்கேணி வரைக்கும் தோல் ஷெட்டுகள் முளைத்தன.

சரி, இப்போது 1989 டிசம்பருக்கு வாருங்கள். நம் தோலை அதிகம் வாங்கிய நாடுகளில் ஒன்று ஜெர்மனி. அந்த நாடு திடீரென்று ஒரு சட்டம் போட்டது. பென்டாகுளோரோஃபீனால் என்று ஒரு ரசாயனம், சுருக்கமாகப் பி.சி.பி. தோலில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க நம்மவர்கள் போட்டுவந்த மருந்து. ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் அது இருந்தால் சரக்கு உள்ளே வரக்கூடாது. அவ்வளவுதான் சட்டம்!

நம் வியாபாரிகளுக்குத் தலை சுற்றியது. மருந்தை நிறுத்தினால் மட்டும் போதாது. ஏற்கெனவே போட்டது தோலிலும் தொட்டியிலும் ஊறிக் கிடக்கிறதே? அடையாறிலிருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் மாற்று மருந்து தேடியது. 1991-ல் இந்தியாவும் பி.சி.பி.யைத் தடை செய்தது. மூச்சு விடுவதற்குள், 1994-ல் ஜெர்மனி அடுத்த குண்டைப் போட்டது. இந்தத் தடவை அஸோ சாயங்கள்.

"இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கலாமே?" என்று கேட்பீர்கள். நான் பி.காம். படித்தபோது இன்ஷூரன்ஸ் என்றால் தீ, கடல், ஆயுள் என்று மூன்று அத்தியாயம். கப்பல் மூழ்கினால் பணம் வரும். குடோன் எரிந்தால் வரும். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்ததே, அந்த வெள்ளத்துக்குக்கூட பாலிசி உண்டு. ஆனால் சரக்கு பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்து, வாங்குகிறவன் சோதித்துப் பார்த்து "வேண்டாம்" என்றால்? கடல் பாலிசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஏற்றுமதிக் கடனுக்கென்றே 1957-ல் அரசு ஒரு கார்ப்பரேஷன் தொடங்கியது. வாங்கியவர் திவாலானால் அது கைகொடுக்கும். தரத் தகராறு என்று வந்துவிட்டால் அதுவும் ஒதுங்கிக்கொள்ளும்.

இதே சிக்கல் அமெரிக்காவில் 1950-களிலேயே வந்தது. ஃப்ரெட் ரைஸ் என்ற இன்ஷூரன்ஸ்காரர் ஒஹையோவில் உருக்கு ஆலைகளுக்கு யோசனை சொன்னார்: வெளிக் கம்பெனிக்கு ஏன் பிரீமியம் கட்டுகிறீர்கள்? நீங்களே ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி வைத்து, உங்கள் ரிஸ்க்கை நீங்களே சுமந்துகொள்ளுங்கள். அதற்கு 'கேப்டிவ்' என்று பேர் வைத்தார். ஆலைக்காரர்கள் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த சுரங்கத்தை அப்படித்தான் சொல்வார்களாம். 1962-ல் பெர்முடாவில் கடை விரித்தார். பெரிய கம்பெனிகளெல்லாம் அங்கே வரிசை கட்டின. வரி மிச்சமென்ற ஆசையும் அதில் உண்டு, மறைப்பானேன்?

நம் பக்கத்திலும் இதற்குக் கிட்டத்தட்ட ஒரு முன்னோடி இருந்தது. பஸ், லாரி, உதிரி பாகம் என்று வளர்ந்த டி.வி.எஸ். குடும்பத்தார் மெட்ராஸ் மோட்டார் அண்ட் ஜெனரல் இன்ஷூரன்ஸ் என்று ஒரு கம்பெனி நடத்தினார்கள். முழுக்கேப்டிவ் என்று சொல்ல முடியாது, வெளியாருக்கும் பாலிசி விற்றார்கள். 1954-ல் சுந்தரம் ஃபைனான்ஸ் பிறந்ததே இதன் துணை நிறுவனமாகத்தான். ஆனால் 1973-ல் பொது இன்ஷூரன்ஸ் முழுக்க அரசுடைமை ஆனது. தனியாருக்குக் கதவு மறுபடி திறந்தது 2000-ல்.

இடைப்பட்ட வருஷங்களில்தான் பல்லாவரத்துக்காரர்கள் மாட்டிக்கொண்டார்கள். கடையில் பாலிசி கிடையாது. சொந்தமாய்த் தொடங்கவும் சட்டம் விடாது.

அப்போதுதான் பெரிய அடி விழுந்தது, ஜெர்மனியிலிருந்து அல்ல, டெல்லியிலிருந்து. வேலூர் குடிமக்கள் நலமன்றம் 1991-ல் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. ஐந்து மாவட்டத் தோல் ஷெட்டுகளுக்குத் தலைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம். நவம்பர் 30-க்குள் கழிவுநீர் சுத்திகரிப்புக்கு வழி செய்யாவிட்டால் இழுத்துமூடு. அந்த ஐந்தில் நம்ம செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் ஒன்று.

பல்லாவரத்துக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. தனித்தனியாக சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் சின்ன ஷெட் திவால். அதனால் எல்லாரும் பங்குபோட்டு ஒரே கம்பெனி ஆரம்பித்து, பொதுவாக ஒரு நிலையம் கட்டிக்கொண்டார்கள். அப்போதைய அரசுத் திட்டப்படி மத்திய மானியம் 25 சதவிகிதம், மாநிலம் 25, வங்கிக் கடன் 30, கைக்காசு 20. அதன் பிறகு மாசாமாசம் பராமரிப்புச் செலவைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். பேர்தான் இன்ஷூரன்ஸ் இல்லை. மற்றபடி என்ன வித்தியாசம்? ஒருத்தரால் தாங்க முடியாத ரிஸ்க், ஊர் கூடிப் பிரீமியம் கட்டுகிறது. ரைஸ் பார்த்திருந்தால் கைகுலுக்கியிருப்பார்.

பெர்முடாவில் இல்லாத ஒரு தொல்லை இங்கே உண்டு. ஒருத்தர் ஷெட்டில் ஒழுங்கில்லாவிட்டால் எல்லாருடைய தண்ணீரும் கெடும், எல்லார் தலையிலும் நோட்டீஸ் விழும். அதனால் பக்கத்து ஷெட்டை எட்டிப்பார்ப்பது தொழில் தர்மமாகிவிட்டது!

ஆனால் இந்த ஏற்பாடு காப்பாற்றியது ஷெட்டுகளை. நிலையம் வருவதற்கு முன்னால் பல வருஷம் மண்ணில் விட்ட தண்ணீர் என்ன ஆனது? நாகல்கேணி, குரோம்பேட்டைப் பக்கத்து நிலத்தடி நீரில் குரோமியம் அதிகம் என்று ஆராய்ச்சியாளர்கள் அளந்து எழுதிவைத்திருக்கிறார்கள். அங்கே குடியிருந்தவர்கள் அந்தக் கம்பெனியில் பங்குதாரர்கள் இல்லை. வாசலிலேயே கிணறு இருந்தும், குடிக்கிற தண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்காக நின்றார்கள்.