மானிப்பாயில் வைத்தியம் தமிழ் பேசிய காலம்



அண்மையில் எங்கள் அயலில் ஒரு பெரியம்மா சீனி வருத்தக் குளிசையை இரண்டு நாள் மாறிக் குடித்துவிட்டார். துண்டில் இருந்தது ஆங்கிலம், கேட்கவும் பயம். நல்லகாலம், பேரப்பிள்ளை கவனித்துவிட்டான்.

இதைக் கேட்டதும் எங்களுக்கு நினைவு வந்தது, உடுவிலிலிருந்து சைக்கிளில் போகக்கூடிய மானிப்பாயின் பழைய கதைதான்.

1847இல் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் வைத்தியர் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் இருந்துகொண்டு நோயாளிகளைப் பார்த்தார். ஊர் இளைஞர்களுக்கு வைத்தியமும் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். ஆனால் ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்கு வெளியூர் போகத் தொடங்கினார்கள். கற்ற வைத்தியம் ஊரில் தங்கவில்லை.

அதனால் 1864இல் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். படிக்கப் புத்தகம் வேண்டுமே! தன் மாணவர்களையே கூட்டு வைத்து மொழிபெயர்த்தார், கலைச்சொற்களை ஆக்கினார். இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும் அச்சேறின. 1873இல் அவர் நாடு திரும்பினார், வேலை நிற்கவில்லை. 1875இல் கெமிஸ்தம் வெளிவந்தது. அவரிடம் படித்து வைத்தியரானவர்கள் 60 பேருக்கும் மேல். 1884இல் அமெரிக்காவில் காலமானார். மானிப்பாய் வைத்தியசாலை இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

இதில் எங்களுக்குப் பெரிதாகப் படுவது ஒன்று. புதிய வைத்திய அறிவு கப்பலில் வந்து இறங்கலாம். அது அடுப்படி வரை போக, அந்த ஊர் ஆள் ஒருவர் வேண்டும். அவர் கையில் புத்தகம், வாயில் சொல், பின்னால் ஒரு துணை வேண்டும். கிறீன் இந்த மூன்றையும் கொடுத்தார்.

1926இல் களுத்துறையில் தொடங்கிய முதல் சுகாதாரப் பிரிவும் இதே வழியில்தான் போனது. மருத்துவமாது வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணித் தாய்மாரைப் பார்த்தார். இலங்கையில் பிரசவ மரணங்கள் குறைந்ததில் அவர்களுக்குப் பெரிய பங்குண்டு.

இன்றைக்கும் எங்கள் ஒழுங்கைக்கு மருத்துவமாது வருகிறார், டெங்குக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருகிறார். நாங்கள் செய்கிற உதவி என்ன? படலையில் வைத்தே அனுப்பிவிடுகிறோம்.

வீட்டுக்குள் கூப்பிடுவோம். விளங்காததைக் கூச்சப்படாமல் கேட்போம். படித்த பிள்ளைகள் பக்கத்து வீட்டு அப்பம்மாவின் மருந்துத் துண்டைத் தமிழில் எழுதிக் கொடுக்கட்டும். சந்தேகமென்றால் மருந்து கொடுத்த இடத்திலேயே கேட்டு எழுதட்டும்.

160 வருடங்களுக்கு முன் மானிப்பாயில் முடிந்தது, இன்று எங்களால் முடியாதா?