பழைய சிடிகளை எடைக்குப் போடும் முன்...



போகி நெருங்குகிறது. பரணைக் காலி செய்து வெள்ளையடிக்கும் நேரம். இந்த மாதத்தில் உங்களில் நாலைந்து பேர் ஒரே கேள்வியைப் போனில் கேட்டுவிட்டீர்கள். "சார், அப்பா வாங்கி வைத்த சிடி, டிவிடி பெட்டி நிறைய இருக்கிறது. போட்டுப் பார்க்க பிளேயர்கூட இல்லை. பழைய பேப்பர் கடைக்காரர் பிளாஸ்டிக் விலைக்குத்தான் எடுப்பேன் என்கிறார். நியாயமான விலை கிடைக்காதா?"

தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது. வரலாற்று வாத்தியார் அல்லவா, கொஞ்சம் பின்னாலிருந்துதான் வருவேன். விலை எப்படி விழுந்தது என்று தெரிந்தால்தான், எதில் விலை மிச்சம் இருக்கிறது என்பது தெரியும்.

பழைய பொருளுக்கு விலை வைப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. சென்னை சென்ட்ரல் பக்கத்தில் 1900இல் திறந்த மூர் மார்க்கெட்டை உங்கள் தாத்தாக்கள் அறிவார்கள். சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர் பெயரில் கட்டியது. பழைய புத்தகம், கிராமபோன் இசைத்தட்டு, கடிகாரம் என்று எல்லாம் அங்கே கிடைக்கும். திருத்தணியிலிருந்து ரயிலேறிப் போனால் இறங்கியதும் மார்க்கெட்தான். நானும் எழுபதுகளின் கடைசியில் அங்கே அலைந்தவன். கடைக்காரர் கேட்கும் விலையில் பாதியில் பேரத்தைத் தொடங்கவேண்டும் என்பார்கள். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். இசைத்தட்டை யாரும் தராசில் வைத்து விற்றதில்லை. உறையிலிருந்து எடுப்பார், வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பார்ப்பார், யார் பாடியது, எந்தக் கம்பெனி என்று படிப்பார், பிறகுதான் விலை சொல்வார். வாங்குகிறவரும் விவரம் தெரிந்தவர். பக்கத்துக் கடையிலும் விசாரித்துவிட்டு வந்திருப்பார். பொருளைத் தெரிந்த இரண்டு பேர் எதிரெதிரே நின்றதால் அங்கே ஒரு நியாயம் இருந்தது.

1985 மே 30ஆம் தேதி அந்த மார்க்கெட் எரிந்துபோனது. இன்று நம் திருத்தணி மின்சார ரயில் போய் நிற்கும் நிலையக் கட்டடம் அதே இடம்தான். மூர் மார்க்கெட் வளாகம் என்ற பெயர் மட்டும் மிச்சம்.

அதற்குள் புதுப் பொருள் வந்துவிட்டது. பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து உருவாக்கிய சிடி, 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 12 சென்டிமீட்டர் அகலம். 1993இல் விசிடிக்கான தரம் வகுக்கப்பட்டது. 1996இல் டிவிடி வந்தது.

நம் பகுதிக்கு இவை வந்த கதையில் ஒரு தனிச் சுவை உண்டு. பள்ளிப்பட்டு 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு திருத்தணியோடு சேர்ந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. எல்லைக்கோடு மாறினாலும் வீட்டுக்குள் பேசும் மொழி மாறவில்லையே! அதனால்தான் நம் வீடுகளில் ரஜினி படத்துக்குப் பக்கத்திலேயே சிரஞ்சீவி படமும் அடுக்கியிருக்கும். 2006இல் இலவசக் கலர் டிவி திட்டம் தொடங்கியது. டிவி வந்த வீட்டில் அடுத்து விசிடி பிளேயர். பொதட்டூர்ப்பேட்டைத் தறி வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒரே நாளில் மூன்று படம் ஓடும்.

அதே சமயத்தில்தான் விலையும் சரிந்தது. டில்லியைச் சேர்ந்த மோசர் பேயர் கம்பெனி, உலகத்துக்கே வெற்று வட்டு தயாரித்துக்கொண்டிருந்த கம்பெனி, 2006-07 வாக்கில் படங்களின் உரிமையை மொத்தமாக வாங்கி, விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விற்றது. அதற்கு முன் அசல் டிவிடி என்றால் நூறு ரூபாயைத் தாண்டும். திருட்டு விசிடியோடு போட்டி போட அதுதான் வழி என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். வாங்குகிறவருக்கு லாபம். ஆனால் புதிய வட்டே 34 ரூபாய் என்றால், பழைய வட்டை யார் அதற்கு மேல் வாங்குவார்?

இரண்டாவது அடி திருட்டு விசிடி. 1969இல் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காகப் பாரிமுனைப் பக்கம் உருவான பர்மா பஜார், பின்னாளில் அதற்குப் பேர்போன இடமானது. 2004இல் தமிழக அரசு குண்டர் சட்டத்தைத் திருத்தி வீடியோ திருடர்களையும் அதில் சேர்த்தது. அப்படியும் நிற்கவில்லை.

திருட்டு வட்டு தயாரிப்பாளரைப் பாதித்தது எல்லோருக்கும் தெரியும். அசல் வட்டு வைத்திருந்த உங்கள் அப்பாவையும் அது பாதித்தது. 1970இல் ஜார்ஜ் அகெர்லோஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். நோபல் பரிசுவரை அவரைக் கொண்டுபோன கட்டுரை. சாரம் இதுதான்: பொருளின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. எனவே வாங்குபவன் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுக் குறைத்துக் கேட்பான். நல்ல பொருள் வைத்திருப்பவன் அந்த விலைக்குக் கட்டாது என்று விலகிவிடுவான். கடைசியில் சந்தையில் நிற்பது சொத்தை மட்டுமே. மாட்டுச் சந்தைக்குப் போன நம் பெரியவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாடு வாங்கியவர் யார்? சிடியில் அந்தப் பல் எங்கே இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது. அதனால் அசலும் நகலும் ஒரே சாக்குக்குப் போயின.

மூன்றாவது, சட்டம். 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக் கூடாது என்று பதிப்பாளர் அச்சிட்ட நாவலை மேசி என்ற கடை 89 சென்டுக்கு விற்றது. விற்று முடித்த பிரதியின் மறுவிற்பனை விலையைப் பதிப்பாளர் கட்டுப்படுத்த முடியாது என்று தீர்ப்பானது. நம் நாட்டிலும் ஏற்கெனவே விற்பனையான புத்தகத்தை மறுபடி விற்கத் தடையில்லை. ஆனால் படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் 1994 திருத்தம் வேறு மாதிரி எழுதியது: முன்பு விற்கப்பட்ட பிரதியாக இருந்தாலும், அதை விற்கும் உரிமை உரிமையாளருக்கே. 2012 திருத்தத்தில்தான் அந்த வாசகத்தை எடுத்தார்கள். புத்தகத்துக்கு மூர் மார்க்கெட் இருந்தது போலச் சிடிக்கு ஒரு நல்ல பழைய சந்தை இங்கே வளராமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. தடை விலகியபோது வட்டுக்கே ஆயுள் முடிந்துகொண்டிருந்தது.

2015 மார்ச்சில் இயக்குநர் சேரன் தன் 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை 50 ரூபாய் டிவிடியாக நேரே வீட்டுக்குக் கொண்டுவந்தார். துணிச்சலான முயற்சி. ஆனால் 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. படம் போனுக்குள் போய்விட்டது. 2018இல் மோசர் பேயர் கம்பெனியே கலைப்புக்குப் போனது.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு வட்டு ஏறக்குறைய 16 கிராம். கிலோவுக்கு 60 வட்டு. மோசர் பேயரின் மலிவு விலையிலேயே 60 டிவிடி 2,040 ரூபாய்க்கு வாங்கியது. பழைய கடைக்காரர் கொடுப்பது ஒரு கிலோ பிளாஸ்டிக்கின் விலை. அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்லாதீர்கள். அவர் வாங்குவது பிளாஸ்டிக், அதற்கு அவர் விலை சரிதான். நீங்கள் விற்பது என்ன என்பதுதான் கேள்வி.

சோளிங்கர் பக்கம் சிடி கடை வைத்திருந்த என் மாணவர் ஒருவர் கடையை மூடியபோது மூன்று சாக்கு சரக்கு மிஞ்சியது. "ஒரு வாரம் பொறு தம்பி" என்று சொல்லி இருவருமாக உட்கார்ந்து பிரித்தோம். தனியாக எடுத்து வைத்தது நாற்பது சொச்சம்தான். பழைய பாட்டு சேர்க்கும் சென்னை நண்பர் ஒருவர் அவற்றை மட்டும் வாங்கிக்கொண்டார். மீதி மூன்று சாக்குக்கும் எடையில் கிடைத்ததைவிட அந்த நாற்பதுக்குக் கிடைத்தது அதிகம்.

எப்படிப் பிரிப்பது? நான்கு குவியல் போடுங்கள்.

முதல் குவியல், நகல்கள். அடிப்பக்கம் ஊதா, பச்சை, நீலச் சாயல் இருந்தால் அநேகமாக எழுதப்பட்ட வட்டு. கம்பெனியில் அச்சடித்தது வெள்ளி நிறமாக இருக்கும். நடு ஓட்டையைச் சுற்றியுள்ள வளையத்தில், 1994க்குப் பிறகு வந்த பல அசல் வட்டுகளில், ஐ.எஃப்.பி.ஐ. என்ற நுண்ணிய எழுத்தும் எண்ணும் இருக்கும். நான் சொன்ன மாட்டுப்பல் அதுதான். வெள்ளியாக அச்சடித்த திருட்டு வட்டும் உண்டு, எனவே அட்டையின் அச்சுத் தரத்தையும் பாருங்கள். திருட்டு நகலை விற்பது குற்றம், விற்காதீர்கள். போகி நெருப்பிலும் போடாதீர்கள், அந்தப் புகை நம் பிள்ளைகள் நெஞ்சுக்குத்தான் போகும்.

இரண்டாவது, எங்கும் கிடைக்கும் படங்கள். போனில் இலவசமாக ஓடும் படத்தின் 34 ரூபாய் டிவிடிக்குத் தனி விலை எதிர்பார்க்காதீர்கள். ஒரே நடிகர், ஒரே இயக்குநர் என்று பத்து இருபதாகக் கட்டி விற்றால் எடையைவிடக் கொஞ்சம் கூடும். தெலுங்குப் படங்களை நகரி, புத்தூர் பக்கம் கேட்டுப்பாருங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். தொண்ணூறுகளில் வந்த இளையராஜா பாடல் சிடிகள், ஓரியண்டல், பிரமிட் போன்ற கம்பெனிகளின் பதிப்புகள், இணையத்தில் இல்லாத கர்நாடகக் கச்சேரி, நாதஸ்வரம், தெருக்கூத்து, உள்ளூர்க் கோயில் பாடல். இவற்றைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளட்டையும் பெட்டியும் சேர்ந்தே இருக்கட்டும். சிடியில் படம் அச்சடித்த மேல்பக்கத்துக் கீறல்தான் ஆபத்து, பதிவு அதற்குக் கீழேயே இருக்கிறது. அடிப்பக்கத்து லேசான கீறலைத் தேய்த்துச் சரிசெய்ய முடியும். துடைப்பதானால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், சுற்றிச் சுற்றித் தேய்க்காதீர்கள். விலைக்கு, இணையத்தில் ஒருவர் கேட்கும் தொகையைப் பார்த்து ஏமாறவேண்டாம். இதற்கு முன் உண்மையில் விற்ற தொகையைப் பாருங்கள். டிஸ்காக்ஸ் தளத்தில் அது தெரியும். கீறல் இருந்தால் படமெடுத்து நீங்களே முதலில் காட்டிவிடுங்கள். குறையைச் சொல்லி விற்பவன் பேச்சுக்குத்தான் மதிப்பு.

நான்காவது, உங்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, பள்ளி ஆண்டுவிழா வட்டுகள். இவற்றுக்குச் சந்தையில் விலை கிடையாது, ஆனால் பெட்டியிலேயே விலைமதிப்பில்லாதது இதுதான். சாயத்தில் எழுதப்பட்டவை என்பதால் வருடம் ஆக ஆகப் படிக்க முடியாமல் போகும். டிவிடி டிரைவ் உள்ள கம்ப்யூட்டர் யாரிடமாவது இருக்கும்போதே நகலெடுத்துவிடுங்கள். போன மனிதரின் குரல் அதில் மட்டுமே இருக்கலாம்.

மூன்றாவது குவியலில் எதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாவிட்டால் வீசிவிடாதீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் பழைய புத்தகமும் நோட்டீஸும் சேர்த்தவர். 1992இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலை கொடுத்து வாங்கி, நாட்டைவிட்டு எடுத்துப் போகாமல் சென்னையிலேயே நூலகமாக்க உதவியது. இன்று ஆராய்ச்சியாளர்கள் தேடி வருகிறார்கள். ஒருவர் உட்கார்ந்து பிரித்து, பெயரிட்டு, அடுக்கி வைத்ததால் வந்த மதிப்பு அது.

நியாயமான விலை என்பது யாரோ கொடுப்பதல்ல பிள்ளைகளே. கையில் இருப்பது என்ன என்று தெரிந்து, அதை வாங்குபவருக்கும் தெரியும்படி சொல்லும்போது வருவது. ஒரு மாலை நேரம் செலவாகும், அவ்வளவுதான்.

உங்கள் பெட்டியில் பெயர் புரியாத பழைய சிடி இருந்தால் அட்டையைப் படமெடுத்துக் கீழே போடுங்கள். நம்மில் யாராவது அடையாளம் சொல்வார்கள். வீடியோ கடை நடத்திய மாணவர்கள் இரண்டு மூன்று பேர் இங்கே இருக்கிறீர்கள், உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர், பள்ளிப்பட்டு.