தரங்கம்பாடி: கொடி டேனிஷ், ஆள் ஜெர்மன்

எங்கள் வேங்கிக்கால் பக்கம் டேனிஷ் என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். திருவண்ணாமலை டவுனில் டேனிஷ் மிஷன் பள்ளிக்கூடம் இருக்கிறதே! அதனால் விழுப்புரம், சிதம்பரம் என்று பஸ் மாறி மாறி தரங்கம்பாடிக்குப் போனபோது டென்மார்க்காரர்கள் ஊரைப் பார்க்கப் போவதாகத்தான் நினைத்தேன். பாதிதான் சரி நண்பர்களே.

கடலோரக் கோட்டை டேனிஷ்தான். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று 1620ல் கட்ட ஆரம்பித்தார்கள். 1845ல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். ஆனால் நகர வாயிலைத் தாண்டி ராஜ வீதியில் நடந்தால் திரும்பத் திரும்பக் காதில் விழும் பெயர் சீகன்பால்கு. ஜெர்மனியில் சாக்சனிக்காரர். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பி, 1706 ஜூலை 9 அன்று புளுட்சோ என்ற இன்னொரு ஜெர்மானியருடன் வந்து இறங்கியபோது வயது 23.

வந்தவர் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதிப் பழகினார். (நமக்கு ஒண்ணாம் வகுப்பில் சிலேட்டாவது கிடைத்தது!) டேனிஷ் அதிகாரிக்கு இவரைப் பிடிக்கவில்லை. 1708ல் பிடித்து இதே கோட்டையில் நான்கு மாதம் அடைத்துவிட்டார். அனுப்பியது அந்த நாட்டு ராஜா, அடைத்தது அந்த ராஜாவின் ஆள்!

தமிழ் அச்சு இவருக்கு முன்பே, 1578லேயே கொல்லத்தில் தொடங்கிவிட்டது. இவருக்கு ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் எழுத்து வார்த்து 1713ல் அனுப்பினார்கள். எழுத்துகள் பெரிசு, காகிதம் எக்கச்சக்கமாகத் தின்றது. அப்புறம் இங்கேயே சின்னதாக வார்த்துக்கொண்டார்கள். பக்கத்துப் பொறையாறில் காகித ஆலையும் வைத்தார்கள்.

புதிய எருசலேம் ஆலயம் 1718ல் கட்டியது. முகப்பில் டென்மார்க் ராஜாவின் முத்திரை, உள்ளே சீகன்பால்குவின் கல்லறை. 1719ல் இறந்தபோது வயது 36தான். அவர் வாழ்ந்த வீடு 2017ல் அருங்காட்சியகமானது. ஆலயத்தோடு அதையும் பார்த்துவிடுங்கள்.

மதம் மாற்ற வந்தவர் என்பதில் ஒளிக்க எதுவும் இல்லை. ஆனால் அதே மனிதர் சிவன், விஷ்ணு தொடங்கி அய்யனார், மாரியம்மன், பிடாரி வரை நம் சாமிகளைப் பற்றி விசாரித்து விசாரித்து ஒரு பெரிய புத்தகம் எழுதி 1713ல் ஹாலேக்கு அனுப்பினார். எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம். ஹாலேயில் அதை அச்சிடவில்லை. கடைசியில் சென்னையில் வெளிவந்தது 1867ல், அவர் இறந்து 148 வருஷம் கழித்து.