குரு இல்லாத ஆறு நாள்: தமிழ் லுத்தரன் வீடுகளின் குடும்ப ஜெபம்

1706 ஜூலை 9. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பிவைத்த இரண்டு ஜெர்மன்காரர்கள், பார்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளூட்சோவும், தரங்கம்பாடியில் வந்து இறங்குகிறார்கள். சீகன்பால்குக்கு அப்போ 25 வயசுகூட ஆகலை. இன்னைக்கு இருந்திருந்தா கேம்பஸ் பிளேஸ்மென்ட்ல சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆகியிருக்கும், அவ்ளோதான். 1711-ல் புளூட்சோ ஐரோப்பாவுக்குத் திரும்பிவிடுகிறார். 1719-ல் சீகன்பால்கு இறந்துபோகிறார். தமிழர் ஒருவர் முதன்முதலாக லுத்தரன் குருவாக அபிஷேகம் பெற்றது 1733 டிசம்பரில்தான். அவர் பெயர் ஆரோன்.

இப்போ கணக்குப் போட்டுப் பாருங்க. முதல் 27 வருடம் தமிழ்க் குரு ஒருவர்கூட இல்லை. வெளிநாட்டுக் குருமார் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். ஒருவர் செத்தால் அடுத்தவர் கப்பலில் வந்துசேர மாதக்கணக்கில் ஆகும். சபைக் குடும்பங்களோ தரங்கம்பாடிக்கு வெளியே ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கே ஆள் இல்லாத இடத்தில், மீதி ஆறு நாளை யார் பார்த்துக்கொண்டார்கள்? இந்த மரபு எப்படி 300 வருஷம் தாண்டி நின்றது?

நான் உட்கார்ந்து பேசுற வாலாஜாபாத் பக்கம் இதுக்குப் பதில் கிடைக்காது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரத்துக்கு 19-ஆம் நூற்றாண்டில் பள்ளிக்கூடங்களோடு வந்தது ஸ்காட்லாந்து மிஷன். அந்த வழிச் சபைகள் 1947-ல் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்துவிட்டன. லுத்தரன் கதைக்கு நாம் காவிரிக் கரைக்கும் அதற்குத் தெற்கேயும் போகணும். அதற்கும் முன்னாடி ஒரு தடவை ஜெர்மனிக்குப் போயிட்டு வந்துடலாம்.

1528 வாக்கில் மார்ட்டின் லுத்தர் சாக்சனி பகுதிக் கிராமச் சபைகளைப் பார்வையிடப் போகிறார். பார்த்தது அவரை உலுக்கிவிட்டது. சாமானிய மக்களுக்கு அடிப்படைப் போதனையே தெரியவில்லை. பல இடங்களில் போதிக்க வேண்டிய குருவுக்கும் தெரியவில்லை. திரும்பி வந்து 1529-ல் அவர் வெளியிட்டதுதான் சிறிய ஞானோபதேசம். பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம், ஞானஸ்நானம், திருவிருந்து என்று பகுதி பகுதியாக, கேள்வியும் பதிலுமாகப் போகும். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் என்னன்னா, அது முதலில் புத்தகமாகவே வரவில்லை. சுவரில் மாட்டும் பெரிய தாள்களாக வந்தது. வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டர் மாதிரி.

அந்தப் பகுதிகளின் தலைப்பைக் கவனித்தால் இன்னொன்று தெரியும். குரு எப்படிப் போதிக்க வேண்டும் என்று அங்கே இல்லை. குடும்பத் தலைவர் தன் வீட்டாருக்கு எப்படி எளிமையாகச் சொல்லித்தர வேண்டும் என்றுதான் இருக்கிறது. வீட்டார் என்றால் பிள்ளைகள் மட்டுமில்லை, வேலைக்காரர்களும் சேர்த்து. கூடவே மூன்று ஜெபங்கள்: காலையில், இரவில், சாப்பாட்டு நேரத்தில். காலையில் எழுந்ததும் சிலுவை அடையாளம், நின்றோ முழங்கால் போட்டோ விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம், ஒரு சின்ன ஜெபம், பிறகு ஒரு பாட்டோடு சந்தோஷமாக வேலைக்கு. இரவிலும் கிட்டத்தட்ட அதேதான். முடிந்ததும் கவலையில்லாமல் சீக்கிரம் தூங்கிவிட வேண்டும். மொத்தமா அஞ்சு நிமிஷம் ஆகுமா? லுத்தர் மடத்தில் துறவியாக இருந்தவர். ராத்திரி பகல் என்று பல வேளை கட்டாய ஜெபம் செய்து பழகியவர். 1525-ல் கத்தரீனா ஃபொன் போரா என்ற முன்னாள் கன்னியாஸ்திரியைக் கல்யாணம் பண்ணிக் குடும்பஸ்தரானார். மடத்து மணி அட்டவணையைக் குழந்தை அழும் வீட்டுக்குள் சுருக்கிப் போட்ட வேலை இது என்றுதான் நான் பார்க்கிறேன்.

ரொம்ப இனிமையான ஆள்னு நினைச்சுடாதீங்க. இதைக் கற்றுக்கொள்ள மறுப்பவர்களுக்குப் பெற்றோரும் எஜமானரும் சோறு தண்ணி கொடுக்கக் கூடாது என்று முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார். எந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கும் கேட்டுப் பழகிய மிரட்டல்தான்.

எங்க பாஷையில சொன்னா இது ஆஃப்லைன் டிசைன். சர்வர் எத்தனை நாள் டவுன் ஆனாலும் ஒவ்வொரு வீடும் தானாக ஓடும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: மொத்தமும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

இந்த டிசைனைத்தான் சீகன்பால்கு தமிழுக்குக் கொண்டுவந்தார். இடையில் ஒரு படி இருக்கு. அவர் வந்த பின்னணி ஹாலே நகரத்துப் பக்தி இயக்கம். கோவிலில் பிரசங்கம் கேட்டால் மட்டும் போதாது, வீட்டில் வேதம் வாசித்து வாழ்க்கை மாற வேண்டும் என்று 1675-ல் ஸ்பெனர் எழுதினார். அதைப் பள்ளிக்கூடம், அநாதை இல்லம், அச்சகம் என்று ஒரு பெரிய அமைப்பாகவே கட்டியவர் ஹாலேயின் ஃபிராங்கே. அதனால்தான் தரங்கம்பாடியில் இறங்கிய அடுத்த வருடமே பள்ளிக்கூடம், அதுவும் பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து. சீகன்பால்கு தானே திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றவர். சிறிய ஞானோபதேசத்தை ஆரம்ப வருடங்களிலேயே தமிழில் கொண்டுவந்தார். 1713-ல் ஹாலேயிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன. அவை பெரிசு பெரிசாக இருந்து தாளைத் தின்றுவிட்டதால் இங்கேயே சின்ன எழுத்துகள் வார்த்தார்கள். தாள் தட்டுப்பாட்டுக்காகப் பொறையாறில் ஒரு காகித ஆலை. 1715-க்குள் புதிய ஏற்பாடு முழுசாக அச்சாகிவிட்டது.

ஆனால் எல்லா வீட்டுக்கும் புத்தகம் போய்ச் சேரும் காலமா அது? வீட்டுக்குள் இந்த ஜெபத்தைக் கொண்டுபோன வாகனம் பள்ளிப் பிள்ளைகள்தான். பள்ளியில் கேள்வி பதிலாக மனப்பாடம் பண்ணியதைச் சாயங்காலம் வீட்டில் சொல்வது. லுத்தர் எழுதியபடி அப்பா பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டும். இங்கே பல வீடுகளில் அது தலைகீழாகத்தான் நடந்திருக்க முடியும் என்பது என் ஊகம். எட்டு வயசுப் பிள்ளை சொல்ல, அப்பாவும் பாட்டியும் திருப்பிச் சொல்ல.

மனப்பாடத்துக்கு இன்னொரு விளைவு உண்டு. சொற்கள் உடம்பில் ஊறிவிடும். 1740-ல் வந்து, சென்னை வேப்பேரியில் பல பத்தாண்டுகள் வாழ்ந்து, 1791-ல் இறந்த ஃபப்ரிசியுஸ் ஜெர்மன் பாட்டுகளைத் தமிழ் ஞானப்பாட்டுகளாக்கினார். வேதாகமத்தையும் மொழிபெயர்த்தார். அவருடைய தமிழில் கடவுள் 'பராபரன்'. பின்னாளில் மற்ற புராட்டஸ்டண்ட் சபைகள் எடுத்துக்கொண்ட புது மொழிபெயர்ப்பில் 'தேவன்'. லுத்தரன்கள் ரொம்ப நாள் ஃபப்ரிசியுஸை விடவே இல்லை. இதைப் பிடிவாதம் என்று சிரிப்பது சுலபம். தினமும் ராத்திரி தூங்கும் முன் சொன்ன பெயரை, தாத்தா சாகும்போது சொன்ன பெயரை, ஒரு கமிட்டி மாற்றினால் எப்படி இருக்கும் என்று யோசித்தால் சிரிப்பு வராது.

பாளையங்கோட்டைக்கு வருவோம். குடும்பத் தலைவர் என்றால் ஆண் என்றுதான் லுத்தர் மனதில் வைத்திருந்தார். இங்கே ஒரு சபையின் தொடக்கத்தில் நின்றதோ ஒரு விதவை. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமணப் பெண், லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தவர். அவர் ஞானஸ்நானம் கேட்டபோது, கல்யாணம் ஆகாத உறவு என்று சொல்லி லுத்தரன் மிஷனரி ஷ்வார்ட்ஸ் மறுத்துவிட்டார். அதிகாரி இறந்தபிறகு 1778-ல் கொடுத்தார். கிளாரிந்தா என்று பெயர். அந்த ஊரில் குடியிருந்த குரு கிடையாது. அவரைச் சுற்றித்தான் ஆட்கள் கூடினார்கள். 1780-ல் எழுதிய சபைப் பதிவேட்டில் 40 பேர். 1785-ல் அவர் முயற்சியில் ஒரு கோவிலும் எழுந்தது. முதலில் ஜெபிக்கும் ஆட்கள், அதன்பிறகுதான் கோவில் கட்டடம். திருநெல்வேலிச் சீமையின் பெரிய புராட்டஸ்டண்ட் சரித்திரம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

அதே பாளையங்கோட்டையில் 1774-ல் பிறந்தவர் வேதநாயகம் சாஸ்திரியார். உபதேசியார் ஒருவரின் மகன். ஷ்வார்ட்ஸ் இவரைச் சிறு வயதிலேயே தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய் வளர்த்தார். பெத்லகேம் குறவஞ்சி, ஜெபமாலை என்று எழுதிக் குவித்தவர். ஜெர்மன் மெட்டில் திணறிய வீட்டு ஜெபத்துக்கு ராகமும் தாளமும் கொடுத்தவர் என்று சொன்னால் அது மிகையில்லை. அவருடைய வம்சத்தினர் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

இதுவரைக்கும் அழகான கதை. இனிமேல்தான் சிக்கல்.

1820-களில் தஞ்சாவூருக்கு இளம் மிஷனரிகள் வந்து மாற்றங்கள் கொண்டுவந்தார்கள். சாஸ்திரியார் நாலு விஷயத்தைக் கொடுமை என்று எழுதி எதிர்த்தார். பழைய வேதமொழிபெயர்ப்பை மாற்றியது, விசேஷங்களில் பூ வைப்பதைத் தடுத்தது, தமிழ்ப் பாடல்களை ஆராதனையிலிருந்து ஒதுக்கியது. மூணுலயும் நான் அவர் பக்கம்தான். நாலாவது, கோவிலில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாக உட்காரவைத்தது. அதையும் அவர் அதே மூச்சில், அதே வேகத்தில் கொடுமை என்றார். சாஸ்திரியார் வெள்ளாளர். வீடு காப்பாற்றி வைத்த மொழி, பாட்டு, பூ, சாதி எல்லாம் அவருக்கு ஒரே மூட்டை.

இது அவரோடு தொடங்கியதும் இல்லை. தஞ்சாவூர் மன்னர் படையில் இருந்த ராஜநாயக்கன் 1720-களின் கடைசியில் லுத்தரன் சபைக்கு வந்தார். உபதேசியாராக உழைத்தவர், அந்த வேலைக்காக அடி உதை வாங்கிய குடும்பம். 1733-ல் முதல் தமிழ்க் குரு யார் என்ற பேச்சு வந்தபோது திறமையில் அவருக்குக் குறை சொல்ல ஆளில்லை. ஆனால் அவர் பறையர். அவர் கையால் திருவிருந்து வாங்க வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் தயங்கினார்கள். வெள்ளாளரான ஆரோன் குருவானார். ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியார்தான். குரு என்பவர் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வருபவர் இல்லையா? பிரச்சினை அந்த வாசப்படியில் இருந்தது.

லுத்தரின் மூன்று ஜெபங்களில் காலையும் இரவும் ஒரு குடும்பத்துக்குள்ளேயே முடிந்துவிடும். மூன்றாவது சாப்பாட்டு ஜெபம். பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், யார் சமைத்தது என்ற கேள்வி அங்கேதான் வரும். 1850-ல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடு சரியாக இதையே சோதனையாக வைத்தது: எந்தச் சாதியார் சமைத்ததையும் சாப்பிடத் தயாராக இருப்பவரே சாதியை விட்டவர். லுத்தரன்களான லைப்சிக் மிஷன்காரர்கள் அதோடு சேரவில்லை. அவர்களுடைய தலைவர் கார்ல் கிரவுல், திருக்குறளை ஜெர்மனுக்குக் கொண்டுபோன அதே அறிஞர், சாதி ஒரு சமூக ஏற்பாடு, போதனையால் மெல்ல மெல்லக் கரையட்டும் என்று வாதாடினார். தமிழ்ப் பண்பாட்டை மதித்தவர்தான், சந்தேகமில்லை. ஆனால் 'மெல்ல மெல்ல' என்று சொல்லும் வசதி யாருக்கு இருந்தது? தரையில் தனியாக உட்காரவைக்கப்பட்டவர்களுக்கு இல்லை.

அவர்கள் பக்கமிருந்து இதே குடும்ப ஜெபத்தைப் பார்த்தால் படம் கொஞ்சம் மாறும். சேரிச் சபைகளில் விடியும் முன்னாடியே வயலுக்குப் போய்விடும் கூலிக் குடும்பங்கள். காலை ஜெபத்துக்கு நேரம் ஏது? உபதேசியார் வீட்டு முன்போ பள்ளிக்கூடக் கொட்டகையிலோ, வேலை முடிந்த பிறகு சாயங்கால ஜெபம்தான். எழுத்துத் தெரியாதவர்களும் கட்டளையையும் பிரமாணத்தையும் வரிசை தப்பாமல் சொல்வார்கள். வேதம் ஓதவும் கேட்கவும் கூடாது என்று தலைமுறை தலைமுறையாகத் தள்ளிவைக்கப்பட்டவர்கள், தங்கள் வாயால் தினமும் ஒன்றை ஓதுகிறார்கள், பிள்ளைக்குக் கேள்வி கேட்டுச் சொல்லித்தருகிறார்கள். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919 ஜனவரி 14-ல் உருவானபோது அதற்குள் ரெண்டு வகை வீடும் இருந்தது. 1921-ல் முதல் பேராயராக வந்தவர் சுவீடன்காரர் எர்ன்ஸ்ட் ஹியூமன். தொடங்கி 200 வருடம் தாண்டியும் முதல் பேராயர் தமிழர் இல்லை என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கொசுறு. தினமும் காலையில் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வசனம் வந்து விழுதே, அதுக்கும் 18-ஆம் நூற்றாண்டில் ஒரு முன்னோடி இருக்கு. 1728-ல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தில் அன்றன்றைக்கு ஒரு வசனத்தைத் தேர்ந்து, வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள். 1731 முதல் வருடம் முழுவதற்கும் சேர்த்துப் புத்தகமாகவே அச்சிட்டார்கள். அந்த மொராவியர் கூட்டமும் 1760-ல் தரங்கம்பாடிக்கு வந்து ஒரு தோட்டம் போட்டுக் குடியிருந்தது. அங்கே ஏற்கெனவே இருந்த லுத்தரன்களுக்கும் அவர்களுக்கும் ஆகவே ஆகாது. அந்தச் சண்டையை அடுத்த எபிசோடில் பேசலாம்.